குளமும் நிலவும் மூடுபனியும்: சாஃப்ட் ஃபோகஸ் நிலக்காட்சிப் படங்களுக்கு ஓர் அறிமுகம்

2006 பிப்ரவரியில் நியூயார்க்கின் சதபீஸ் ஏலத்தில் ஒரு பழைய புகைப்படம் 29 லட்சம் டாலருக்கு விற்றது. அதுவரை வேறெந்தப் புகைப்படமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. படத்தில் இருப்பது ஒரு குளம், கரையில் மரங்கள், மரங்களுக்கு நடுவே எழும் நிலா, தண்ணீரில் விழும் அதன் வெளிச்சம். அவ்வளவுதான். ஓர் இலையைக்கூடத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அடிமரம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்றும் சொல்ல முடியாது. எட்வர்ட் ஸ்டைக்கன் 1904-ல் நியூயார்க் நகருக்குச் சற்று வெளியே மமரோனெக் என்ற ஊரில் எடுத்த படம் இது. 'குளம் – நிலவொளி' என்று பெயர்.

ஃபோகஸ் ஆகாத படம் மாதிரி இருக்கிறதே, இதற்கா இவ்வளவு மரியாதை என்று முதல் தடவை பார்ப்பவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஏறக்குறைய 1885 முதல் 1915 வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படி எடுத்தவர்கள் ஓர் இயக்கமாகவே இருந்தார்கள். அந்த இயக்கத்தைப் பிக்டோரியலிசம் என்கிறோம். அவர்களுடைய படங்களில் உள்ள மென்மை காற்று, லென்ஸ், தாள், கை என்ற நான்கு இடங்களிலிருந்து வருகிறது. ஒரு படத்தின் மென்மை இவற்றில் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினாலே, எல்லாம் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்த படங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

எதற்காக மென்மை?

புகைப்படம் 1839-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் வியந்தது அதன் கூர்மையைத்தான். கூரையின் ஓடு ஒவ்வொன்றும் தெரிந்தது. அதே கூர்மைதான் பிறகு அதன்மீது வைத்த குற்றச்சாட்டாகவும் ஆனது. இயந்திரம் முன்னால் இருப்பதையெல்லாம் வேறுபாடில்லாமல் பதிவு செய்கிறது, கலைஞன்தான் தேர்ந்தெடுக்கிறான், ஆகவே இது கலை ஆகாது என்றார்கள். 1859-ல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், புகைப்படம் கலைகளுக்கும் அறிவியலுக்கும் பணிவிடை செய்வதோடு நின்றுகொள்ள வேண்டும் என்று கடுமையாகவே எழுதினார்.

1888-ல் கோடக் கேமரா வந்தது. விலை 25 டாலர், உள்ளே 100 படங்களுக்கான ஃபிலிம் சுருள். பொத்தானை அழுத்துவது மட்டும் உங்கள் வேலை, மற்றது எங்கள் பொறுப்பு என்றது விளம்பரம். முடிந்ததும் கேமராவை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பினால் படங்களைக் கழுவித் திருப்பி அனுப்புவார்கள். கூர்மையான படம் எடுப்பது யாருக்கும் சாத்தியம் என்றானபோது, புகைப்படத்தைக் கலையாக நினைத்தவர்களுக்கு நெருக்கடி வந்தது. நாங்கள் செய்வது வேறு என்று எப்படிக் காட்டுவது? தேவையில்லாத விவரத்தை விட்டுவிடும் திறமை எங்களிடம் இருக்கிறது என்பதே அவர்கள் கொடுத்த பதில்.

இந்தப் பதிலுக்கு நிலக்காட்சியைப் போலப் பொருந்தும் விஷயம் இல்லை. ஒரு வயல்வெளியில் புல், சருகு, வேலி, கிளை என்று லட்சம் விவரங்கள் இருக்கின்றன. நின்று பார்ப்பவர் மனதில் பதிவதோ வெளிச்சமும் வானமும் இரண்டு மூன்று பெரிய வடிவங்களும்தான். அந்த அனுபவத்தைத் தாளில் கொண்டுவர வேண்டுமானால் லட்சம் விவரங்களில் பெரும்பகுதி போயாக வேண்டும்.

மென்மையான படங்கள் இதற்கு முன் இல்லாமல் இல்லை. 1860-களிலேயே ஜூலியா மார்கரெட் கேமரன் இங்கிலாந்தில் ஃபோகஸ் இளகிய முகப்படங்களை எடுத்து, லென்ஸைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாதவர் என்று வசைபட்டார். கல்கத்தாவில் பிறந்த அவர் 1879-ல் இலங்கை மலையகத்தில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. ஆனால் அவர் எடுத்தவை பெரும்பாலும் முகங்கள். நிலக்காட்சியில் இந்தப் பேச்சைத் தொடங்கியவர் வேறொருவர்.

எமர்சன் என்ற மருத்துவர்

பீட்டர் ஹென்றி எமர்சன் மருத்துவம் படித்தவர். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் பிராட்ஸ் எனப்படும் ஆழமில்லாத ஏரிகளும் நாணல் காடுகளும் நிறைந்த நிலம் இருக்கிறது. அங்கே படகில் சுற்றி, நாணல் அறுப்பவர்களையும் அல்லி பறிப்பவர்களையும் நீர்வழிகளையும் படமெடுத்தார். டி. எஃப். குடால் என்ற ஓவியரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நார்ஃபோக் பிராட்ஸ் தொகுப்பில் 40 பிளாட்டினம் பிரிண்ட்டுகள் இருந்தன. தட்டையான நிலம், அதற்குமேல் ஈரக்காற்று, வெள்ளியும் சாம்பலுமான தண்ணீர். இன்று பார்த்தாலும் அந்தக் காற்றின் ஈரத்தை உணர முடிகிறது.

1889-ல் அவர் எழுதிய புகைப்படக் கையேடு பெரிய சண்டையைக் கிளப்பியது. அவருடைய வாதம் கண்ணின் அமைப்பிலிருந்து தொடங்குகிறது. நம் கண் எதை நேராகப் பார்க்கிறதோ அதை மட்டுமே தெளிவாகக் காண்கிறது, சுற்றிலும் இருப்பது மங்கல்தான் என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் போன்றவர்களின் ஆய்வுகளைத் துணைக்கு வைத்துச் சொன்னார். ஆகவே முக்கியமான பொருளுக்கு மட்டும் ஃபோகஸ் வைத்து, மற்றவற்றை ஒரு சொட்டு இளக விடுவதுதான் இயற்கைக்கு நேர்மையான படம். எல்லாம் ஒரே கூர்மையில் தெரியும் படம் பொய் சொல்கிறது என்றார்.

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. கண் ஓரிடத்தில் நிற்பதில்லை, நிலத்தின்மீது மேய்ந்தபடியே இருக்கிறது. படத்தைப் பார்க்கும்போதும் அப்படித்தான். ஓரத்தை மங்கலாக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணே செய்துவிடும், படம் செய்யத் தேவையில்லை. ஆனாலும் எமர்சனை நான் பெரிதாக மதிக்கிறேன். ஃபோகஸ் எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்பது எடுப்பவரின் தீர்மானம் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் அவர் ஒருவர். அவரே ஒரு எல்லையும் வகுத்தார். பொருளின் கட்டமைப்பு அழியும் அளவுக்கு மங்கலாக்கக் கூடாது என்பது அந்த எல்லை.

அந்த எல்லையைத் தாண்டியவர் ஜார்ஜ் டேவிசன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர். 1890-ல் அவர் எடுத்த 'வெங்காய வயல்' படத்துக்கு லென்ஸே கிடையாது. சின்னத் துளை வழியாக வெளிச்சத்தை விட்டு எடுத்து, சொரசொரப்பான தாளில் பிரிண்ட் போட்டார். லென்ஸ் ஒரு தூரத்தில் உள்ளதைத்தான் மிகக் கூர்மையாகக் காட்டும். துளைக்கு அப்படி ஒரு தூரம் இல்லை. முன்னால் இருக்கும் வெங்காயப் பூக்களும் பின்னால் இருக்கும் பண்ணைவீடும் ஒரே அளவு இளகியிருக்கும். எமர்சனுக்கு இது பிடிக்கவே இல்லை. அதற்குள் அவருடைய சொந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருந்தது. ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர், வெளிச்சத்துக்கும் நெகட்டிவின் அடர்த்திக்கும் உள்ள மாறாத உறவை அளந்து வெளியிட்டிருந்தார்கள். டோன்களை, அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரையான சாயல்களை, தான் நினைத்தபடி மாற்ற முடியாதென்றால் புகைப்படம் கலையாகாது என்று முடிவு செய்த எமர்சன், தம் கொள்கை இறந்துவிட்டது என்று கறுப்புக் கரை போட்ட துண்டுப் பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். தொடங்கியவர் விலகினாலும் இயக்கம் நிற்கவில்லை. 1892-ல் டேவிசன் உள்ளிட்டோர் லண்டனில் லிங்க்ட் ரிங் என்ற குழுவை அமைத்தார்கள்.

காற்று, லென்ஸ்

நான்கு வழிகளில் மிக எளியது காற்று. மூடுபனி, மழை, பனிப்பொழிவு, புகை, விடிகாலை. தூரத்தில் உள்ளது வெளிறிப்போகும், அருகில் உள்ளது கறுத்து நிற்கும். லென்ஸும் தாளும் எதுவும் செய்யாமலே நிலம் அடுக்கடுக்காகப் பிரியும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1893 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் பனிப்புயலுக்கு நடுவே சரியான கணத்துக்காக மூன்று மணி நேரம் காத்து நின்றதாக எழுதியிருக்கிறார். எதிரே வரும் குதிரைவண்டியும் தெருவும் பனியில் கரைந்து தெரிகின்றன. பெல்ஜியத்தின் லியோனார் மிசோன் இந்த வழியிலேயே வாழ்க்கையைக் கழித்தார். பொறியியல் படித்துவிட்டு அந்த வேலைக்கே போகாத அவர், சூரியனுக்கு எதிரே கேமராவை வைத்து, மழைக்குப் பிந்தைய சாலைகளையும் காலைப் பனியில் போகும் ஆட்டு மந்தைகளையும் எடுத்தார். விஷயம் ஒன்றுமில்லை, வெளிச்சமே எல்லாம் என்பது அவருடைய நிலைப்பாடு.

லென்ஸுக்கு வருவோம். தொடக்கநிலையில் பலரும் குழம்புவது இங்கேதான். சாஃப்ட் ஃபோகஸ் என்பதும் ஃபோகஸ் தவறுவதும் ஒன்றல்ல.

சாதாரணக் கண்ணாடி வில்லை ஒன்றில் நடுப்பகுதி வழியாக வரும் கதிர்கள் ஓரிடத்தில் கூடும். ஓரங்கள் வழியாக வரும் கதிர்கள் அதற்குச் சற்று முன்னாலேயே கூடிவிடும். இதைக் கோளப் பிறழ்ச்சி என்கிறார்கள். லென்ஸ் செய்பவர்கள் பல வில்லைகளைச் சேர்த்து இந்தக் குறையைத் திருத்துவார்கள். சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் செய்பவர்களோ குறையை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். விளைவாக, நடுக்கதிர்கள் ஒரு கூர்மையான பிம்பத்தை வரைய, ஓரக்கதிர்கள் அதன்மேலேயே ஒரு மெல்லிய ஒளிமூட்டத்தைப் போர்த்தும். உற்றுப் பார்த்தால் உள்ளே கோடு இருக்கிறது, ஆனால் அந்தக் கோடு ஒளிர்கிறது. ஃபோகஸ் தவறிய படத்தில் அந்தக் கோடே இருக்காது. கம்ப்யூட்டரில் மங்கலாக்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

மூட்டத்தின் அளவை அபர்ச்சரால், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் திறப்பால், கட்டுப்படுத்தலாம். முழுக்கத் திறந்தால் ஓரக்கதிர்கள் நிறைய நுழைந்து படம் நன்றாக ஒளிரும். எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கினால் ஓரம் அடைபட்டு, அதே லென்ஸ் கூர்மையான லென்ஸாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வெளிச்சம்தான் இருளுக்குள் வழிகிறது, இருள் வெளிச்சத்துக்குள் வழிவதில்லை. வெயில் பட்ட தண்ணீர், இலைகளின் விளிம்பு, வெள்ளை மரப்பட்டை ஆகியவற்றைச் சுற்றித்தான் அந்த ஒளிர்வு வரும். இந்தப் படங்களில் நீர்நிலைகள் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

லண்டனில் டால்மேயர்-பெர்கைம் லென்ஸ், பாஸ்டனில் பிங்காம் அண்ட் ஸ்மித் லென்ஸ்கள் என்று இதற்கென்றே தனிக் கருவிகள் வந்தன. எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் வாழ்ந்த ஹைன்ரிஷ் கூன் பங்கெடுத்து உருவாக்கிய இமகான் லென்ஸ். 1930-களின் தொடக்கத்தில் ரோடன்ஸ்டாக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முன்னால் சல்லடை போன்ற ஒரு தட்டைப் பொருத்துவார்கள். நடுவில் பெரிய துளை, சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள். நடுத்துளை பிம்பத்தைத் தரும், சுற்றுத் துளைகள் மூட்டத்தைத் தரும். சின்னத் துளைகளை வேண்டிய அளவு மூடியும் திறந்தும் மென்மையை அளந்து வைக்கலாம்.

தாள், கை

நெகட்டிவில் எவ்வளவு கூர்மை இருந்தாலும் தாள் அதைக் குறைத்துவிட முடியும். அந்தக் காலத்துப் பிளாட்டினம் பிரிண்ட்டில் படம் வழுவழுப்பான பூச்சின் மேலே நிற்பதில்லை, தாளின் நாருக்குள்ளேயே இறங்கியிருக்கும். பளபளப்பு கிடையாது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறத்தின் படிகள் ஏராளம். பனிமூட்டத்தின் நுண்ணிய வேறுபாடுகளைக் காட்ட இதைவிட நல்ல முறை அப்போது இல்லை.

கம் பைகுரோமேட் முறை இன்னும் ஒரு படி மேலே போனது. அக்கேசியா மரப்பிசினில் நிறமியும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கலந்து தாளில் பூசி உலர்த்துவார்கள். மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் பிசின் இறுகிப்போகும். படாத இடத்தில் இளகியே இருக்கும். பிறகு தாளைத் தண்ணீரில் போட்டால் இறுகாத பிசின் நிறமியோடு கரைந்து போய்விடும், மிச்சமிருப்பது படம். ஒரு பூச்சில் கிடைக்கும் டோன்கள் குறைவு, ஆகவே உலர்த்தி, மறுபடி பூசி, அதே நெகட்டிவை அதே இடத்தில் துல்லியமாகப் பொருத்தி, மறுபடி வெயிலில் காட்டுவார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் வேறு நிறமி போடலாம். தண்ணீரில் கிடக்கும்போது தூரிகையால் தடவி, வேண்டாத மரத்தையோ வேலியையோ அழித்தும் விடலாம்.

பாரிஸின் ரொபேர் தெமாஷி 1890-களின் நடுவில் இந்த முறைக்கு மறுவாழ்வு கொடுத்தார். வியன்னா கேமரா கழகத்தைச் சேர்ந்த கூன், ஹென்னபெர்க், வாட்செக் என்ற மூவர் சுவரில் ஓவியம் போல மாட்டும் அளவுக்குப் பெரிய கம் பிரிண்ட்டுகளைச் செய்தார்கள். ஆனால் கை அதிகம் புகுந்த படங்கள் சீக்கிரம் களைத்துப் போகின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெமாஷியின் சில படங்களில் தூரிகைத் தடம்தான் முதலில் கண்ணில் படுகிறது, நிலம் பிறகுதான் வருகிறது. ஓவியத்தைக் காப்பியடித்தார்கள் என்று இந்த இயக்கத்தின்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு இந்த மாதிரிப் படங்களுக்குப் பொருந்தும். எமர்சனுக்கும் மிசோனின் நல்ல படங்களுக்கும் பொருந்தாது.

மறுபடியும் அந்தக் குளம்

ஸ்டைக்கன் லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் வளர்ந்தவர், ஓவியரும்கூட. இளம் வயதில் லென்ஸை ஈரமாக்கியும் முக்காலியை அசைத்தும் மென்மையைத் தேடியவர். 'குளம் – நிலவொளி' படத்தின் அடித்தளம் பிளாட்டினம் பிரிண்ட். அதன்மேல் நிறத்தைக் கையால் ஏற்றினார். வண்ணப் புகைப்படத்துக்கான ஆட்டோகுரோம் தகடுகள் விற்பனைக்கு வந்ததே 1907-ல்தான், ஆகவே 1904-ன் அந்த நீலப்பச்சை கேமரா பதிவு செய்த நிறம் அல்ல.

ஒரே நெகட்டிவிலிருந்து வந்த மூன்று பிரிண்ட்டுகள் அறியப்பட்டிருக்கின்றன. நிறம் கையால் ஏற்றப்பட்டதால் மூன்றும் மூன்று விதம். இரண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன, மூன்றாவதுதான் ஏலத்துக்கு வந்தது. புகைப்படம் என்றால் எத்தனை நகல் வேண்டுமானாலும் போடலாம் என்ற நம் பழக்கமான எண்ணம் இங்கே செல்லாது. ஸ்டைக்கனின் 'ஃபிளாட்அயர்ன்' படமும் இப்படித்தான். மழையில் நனைந்த சாலைக்குப் பின்னால் அந்த முக்கோணக் கட்டடம் அந்தி வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். அதன் பிரிண்ட் ஒன்று 2022-ல் ஏறக்குறைய 1 கோடியே 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தப் படங்களுக்கு வீடாக இருந்தவர் ஸ்டீக்லிட்ஸ். 1902-ல் ஃபோட்டோ-செசஷன் என்ற புகைப்படக்காரர்கள் குழுவையும், 1903-ல் கேமரா வொர்க் இதழையும், 1905-ல் ஸ்டைக்கனோடு சேர்ந்து ஐந்தாவது அவென்யூ 291-ஆம் எண்ணில் ஒரு சிறிய காட்சிக்கூடத்தையும் தொடங்கினார். 1910-ல் பஃபலோ நகரின் ஆல்பிரைட் காட்சிக்கூடம் ஏறக்குறைய 600 படங்களோடு ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது. புகைப்படமும் கலை என்ற வாதம் அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்த வெற்றியோடு ஸ்டீக்லிட்ஸுக்கு மென்மையின்மீது இருந்த ஆர்வமும் வடிந்தது. 1917-ல் கேமரா வொர்க்கின் கடைசி இதழில் அவர் போட்டவை பால் ஸ்ட்ராண்டின் நேரடியான, கூர்மையான படங்கள். அப்போது சந்தாதாரர்கள் 40 பேர்கூட இல்லை.

ஸ்டைக்கனும் மாறினார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக விமானத்திலிருந்து எடுக்கும் படங்களுக்குப் பொறுப்பேற்றார். பதுங்குகுழி எங்கே, பீரங்கி எங்கே என்று காட்ட வேண்டிய படத்தில் மென்மைக்கு இடமில்லை. போருக்குப் பிறகு ஒரு வெள்ளைக் கோப்பையையும் தட்டையும் வைத்துத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, கூர்மையையும் டோனையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டார்.

1932-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் எஃப் 64 என்ற பெயரில் கண்காட்சி வைத்தார்கள். லென்ஸை மிகச் சுருக்கி, முன்னிருந்து பின்வரை எல்லாவற்றையும் கூர்மையாக எடுப்பதற்கான எண் அது. பிக்டோரியலிசத்துக்கு எதிரான அறிவிப்பு. பிறகு எழுதப்பட்ட வரலாறுகளில் பலவும் அவர்கள் பக்கமே நின்று, மென்மையான படங்களைப் புகைப்படத்தின் பிள்ளைப்பருவம் போல நடத்தின. அது அநியாயம். ஆடம்ஸ் 1921-ல் கலிஃபோர்னியாவின் சியரா மலையில், மெர்சிட் ஆற்றின் கிளை ஒன்றின் கரையில் எடுத்த பைன் மரங்களின் படம் சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸால் எடுத்தது. மரங்களின் உச்சியெல்லாம் ஒளி வழிகிறது. கூர்மையின் தலைவர் என்று அறியப்பட்டவரும் வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றது இங்கேதான்.

சரி, எங்கிருந்து தொடங்கலாம்? ஸ்டீக்லிட்ஸ் தம்மிடமிருந்த 400-க்கும் மேற்பட்ட படங்களை 1933-ல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவற்றில் பலவற்றை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் 'ஃபிளாட்அயர்ன்' படத்தின் வெவ்வேறு பிரிண்ட்டுகளை அடுத்தடுத்துத் திறந்து, வானத்தின் நிறம் மட்டும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அப்புறம் எமர்சனின் அல்லி பறிக்கும் படம், டேவிசனின் வெங்காய வயல், கூனின் ஏதாவது ஒரு மலைச்சரிவு. ஒவ்வொன்றிலும் மிக வெளிச்சமான இடத்தைக் கண்டுபிடித்து, அதன் விளிம்பைப் பெரிதாக்குங்கள். விளிம்பு ஒளிர்ந்தால் லென்ஸ். எல்லாத் தூரமும் ஒரே அளவு இளகியிருந்தால் ஊசித்துளை. தொலைவில் மட்டும் வெளிறினால் காற்று. நிறமி திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பிசினும் தூரிகையும். பல படங்களில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.